மக்கு என்றொரு ஜாதி உண்டா?

நம் நாட்டில் பிறப்பினால் ஏற்படுத்தப்பட்ட ஜாதிகள் எத்தனையோ இருக்கின்றன. அவை போதாவென்று பள்ளிக்கூடத்திற்குள்ளும் ஒரு ஜாதியை உண்டாக்கி வைத்திருக்கின்றோம். அதன் பெயர் மக்கு ஜாதி. மற்ற ஜாதிகளுக்கு இருப்பது போலவே இந்த ஜாதிக்கும் இருக்குமிடம் தனி. அது கடைசி பெஞ்சு. தொழில் தனி, அது கரும்பலகை துடைப்பதும், உபாத்தியாயருக்கு டீ வாங்கி வருவதும். பட்டப் பெயர்களும் தனி. அவை மண்டு, மரமண்டை, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்பவை. எந்தக் காரணத்தினால் இந்த ஜாதியில் சேர்க்கப்பட்டோம் என்பது சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் தெரியாது. சேர்த்த உபாத்தியாயருக்கும் தெரியாது. ஆனால் ஒருமுறை சேர்க்கப்பட்டுவிட்டால் அதிலிருந்து கரையேறுவதென்பது மாத்திரம் லேசில் நடக்கக்கூடிய காரியமல்ல.

ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏன் வரவில்லை என்று கேட்டால் நம் மக்கள் சொல்லும் காரணங்கள் மூன்றுதான். “தலையெழுத்து” என்பது ஒன்று, “சரஸ்வதி கடாட்சம் இல்லை” என்பது மற்றொன்று, “அவன் அப்பனுக்கே ஏறவில்லை, இவனுக்கா ஏறப்போகிறது?” என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பெற்றோர்கள் சொல்லுகிறார்கள். மூன்றாவதை, வெளியில் சொல்லாவிட்டாலும், படித்த உபாத்தியாயர்களே பலர் மனதில் வைத்திருக்கின்றார்கள். இம்மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அதாவது, இவற்றில் எதைச் சொன்னாலும் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரும் பொறுப்பிலிருந்து தப்பித்துக் கொள்ளலாம். உபாத்தியாயர் தம் போதனையைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை; தகப்பன் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை; சர்க்கார் தன் பள்ளிக்கூடத்தைக் கவனிக்க வேண்டியதில்லை. பிரமன் எழுதிவிட்டான், காரியம் முடிந்தது! ஜாதிக்கு இத்தனை காலம் சொல்லி வந்த சமாதானமும் இதுதானே?

இந்தச் சமாதானம் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சந்தர்ப்பம் ஏற்பட்டது. கொரோனா நோயினால் 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சிறு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு கணக்கும் எவ்வளவு தமிழும் அறிந்திருக்கிறார்கள் என்பதை 2019-லேயே அளந்து வைத்திருந்த பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் சிலர், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை மறுபடியும் அளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பெருமளவு பின்தங்கிப் போயிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் நஷ்டம் அதிகம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிட ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நஷ்டம் அதிகம்.

இதோடு நின்றிருந்தால் தலையெழுத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டமாய்த்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஆறு மாதத்திற்குள் அப்பிள்ளைகள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம் அதிக வேகமாய் எழுந்து வந்தார்கள். இந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு “இல்லம் தேடிக் கல்வி” என்ற ஏற்பாட்டினால் கிடைத்தது என்று அந்த ஆராய்ச்சி கணக்கிட்டது.

அந்த ஏற்பாடு என்ன? 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ஆரம்பிக்கப்பட்ட அதில், ஏறக்குறைய 2 லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே மாலை வேளையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அவர்கள் பெரிய வித்துவான்கள் அல்ல. பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டதோ அந்த இடத்திற்குப் போய்க் கையைப் பிடித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த வித்தை.

இப்போது தலையெழுத்துக்காரர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பிரமன் 2019-ல் ஓர் எழுத்தும், 2021-ல் ஓர் எழுத்தும், 2022-ல் வேறோர் எழுத்துமாக எழுதினானா? பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அழித்துவிடக் கூடிய எழுத்துக்குத் தலையெழுத்து என்று பெயர் வைக்கலாமா? “வம்சத்திலேயே படிப்பில்லை” என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தாமே அதிக வேகமாய் எழுந்து வந்தவர்கள்! பிள்ளைகளின் மூளை மாறவில்லை, வம்சம் மாறவில்லை, கிரகம் மாறவில்லை. மாறியது போதனை ஒன்றேயாகும்.

நிற்க. இதைவிடப் பழைய உதாரணம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ணை, லை, ளை, னை என்ற எழுத்துக்களுக்கு முற்காலத்தில் யானைத் துதிக்கை போன்ற ஒரு கொக்கி போடுவது வழக்கம். ணா, றா, னா என்பவற்றிற்கும் தனித்தனி உருவம் உண்டு. பொதுவான விதியை ஒழுங்காய்க் கற்றுக் கொண்ட பிள்ளை, ‘கை’ எழுதுவது போலவே ‘லை’ எழுதினால் அது தப்பு, அதற்கு அடி. பெரியார் 1935-ல் இவ்வெழுத்துக்களின் உருவை மாற்றிக் ‘குடி அரசு’ பத்திரிகையை அச்சிட்டார். 1978-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அம்மாற்றத்தை உத்தரவாகவே போட்டார்கள். முந்திய நாள்வரை அடிவாங்கிக் கொடுத்த எழுத்து, மறுநாள் முதல் சரியான எழுத்தாகிவிட்டது! அப்படியானால் அத்தனை வருஷமாய் அடிபட்ட பிள்ளைகள் மக்குகளா, அல்லது எழுத்து மக்கா? ஒரு பிள்ளை தடுமாறும்போது, குறை கற்பவனிடம் இருக்கிறதா, கற்பிக்கப்படுவதில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டிய பாடம்.

சரி, அப்படியானால் ஒரு பிள்ளை பின்தங்குவதற்குக் காரணங்கள்தாம் என்ன? இதற்கு ஞானதிருஷ்டி ஒன்றும் தேவையில்லை; கண் திறந்து பார்த்தால் போதும்.

அயனம்பாக்கத்தையே எடுத்துக் கொள்வோம். ஏரியும் வயலுமாய் இருந்த இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு, கொஞ்சங் கொஞ்சமாய் வேறு உருவம் அடைந்துவிட்டன. தகப்பன் பட்டறையில் இரவு ஷிப்டு, தாய் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பகல் ஷிப்டு என்று இருக்கும் குடும்பங்கள் அநேகம். ஒற்றை அறையுள்ள வாடகை வீட்டில், இரவு ஷிப்டு முடித்து வந்த தகப்பன் தூங்கும்போது பிள்ளை வாய்விட்டுப் பாடம் படிக்க முடியுமா? தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டு, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வரும் பத்து வயதுப் பெண், முதல் மணியிலேயே தூங்கி விழுந்தால் அது சோம்பேறித்தனமா? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் வீட்டில் ஒரு பாஷையும் பள்ளியில் ஒரு பாஷையுமாகத் திண்டாடுகின்றன. கேள்வியே விளங்காத பிள்ளையை, பதில் தெரியாத பிள்ளை என்று தீர்மானித்துவிடுவது எந்த நியாயம்?

இன்னும் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதாமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனைக் ‘காப்பி அடிக்கிறவன்’ என்று திட்டுகிறோம். அவனுக்குக் கிட்டப்பார்வையாக இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாதவளைத் ‘திமிர் பிடித்தவள்’ என்கிறோம். அவளுக்குக் காதில் சீழ் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதித்து இலவசமாய்க் கண்ணாடி கொடுக்கும் “கண்ணொளி காப்போம்” திட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினால் தப்பு யாருடையது?

பசியைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்துதான் 1920-ல் தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் மத்தியான உணவு கொடுக்கத் தீர்மானித்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் காலைச் சிற்றுண்டியையும் ஆரம்பித்தார்கள். உப்புமா, பொங்கல் தின்ற பிள்ளை படிக்கிறது. தின்னாத பிள்ளை சுவரைப் பார்க்கிறது. இதில் சரஸ்வதிக்கு என்ன வேலை?

கண்ணும் காதும் வயிறும் சரியாயிருந்தும் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லும். கணக்கைப் போட்டுக் காட்டும். எழுதவோ வாசிக்கவோ சொன்னால் எழுத்தை மாற்றிப் போட்டு, வார்த்தையை விழுங்கிவிடும். டாக்டர்கள் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லுகிறார்கள். இது அறிவுக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில் மூளைக்கு ஏற்படும் ஒரு சிரமம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இப்படிப்பட்ட கற்றல் குறைபாடு, 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்பிள்ளைகளுக்கு நம் சர்க்காரே நடத்தும் பொதுப் பரீட்சைகளில் அதிக நேரமும், சொல்வதை எழுத ஆளும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த உரிமை உண்டென்று பிள்ளையின் தாய்க்கு யார் சொல்லுவது? முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் உபாத்தியாயர் ஒருவர்தான்.

எல்லாவற்றையும்விட அதிகமாய்க் காணப்படும் காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் இடையில் ஒரு படி விட்டுப் போனது. கழித்தலில் கடன் வாங்குவது விளங்காத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் எப்படி விளங்கும்? நாலாவது படியில் நிற்கிறவனை ஏழாவது படிக்குத் தாவச் சொல்லி, விழுந்தால் சிரிக்கிறோம். தாவச் சொன்னவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இதற்குப் பரிகாரம் கண்டுபிடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 2022 ஜூன் 13-ல் “எண்ணும் எழுத்தும்” என்ற ஏற்பாடு தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலிலும், அடுத்த வருஷம் நாலு, ஐந்து வகுப்புக்களுக்கும் இது வந்தது. வகுப்பு எதுவாயினும், பிள்ளை உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக்கி, அந்தந்த நிலைக்குத் தக்கபடி பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது இதன் கருத்து. நல்ல கருத்து. ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. அரும்பு என்பது இன்றைக்கு நிற்கும் இடத்தின் பெயரே தவிர, பிள்ளையின் பெயர் அல்ல. ஜூன் மாதத்தில் அரும்பு என்று எழுதப்பட்ட பிள்ளை மார்ச்சு மாதத்திலும் அரும்பாகவே இருந்தால், அது பிள்ளையின் தோல்வி அல்ல. மக்கு என்ற பழைய ஜாதிக்கு அரும்பு என்று புதுப் பெயர் சூட்டினோம் என்பதுதான் அர்த்தம். பெரிய வகுப்புக்களில் ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதி வைக்கிறார்களே, அதற்கும் இதுவே பதில்.

இப்படி நடப்பது நம் நாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சு தேசத்தில் ஆல்பிரட் பினே என்ற அறிஞர் 1905-ல் பிள்ளைகளின் அறிவை அளக்க ஒரு சோதனை முறை செய்தார். எந்தப் பிள்ளைக்கு அதிக உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காகவே அவர் அதைச் செய்தார். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டு மாறாமல் இருப்பது என்ற கொள்கையை அவர் கண்டித்து எழுதினார். 1911-ல் அவர் இறந்து போனார். அமெரிக்காவில் சிலர் அதே சோதனையை எடுத்துக் கொண்டு, இன்ன வம்சத்தார் மூடர், இன்ன தேசத்தார் தாழ்ந்தவர் என்று முத்திரை குத்தும் கருவியாக்கிவிட்டார்கள். உதவி செய்வதற்காகச் செய்த அளவுகோல் ஒதுக்கி வைப்பதற்கான அளவுகோல் ஆயிற்று. வருணாசிரமப் புத்தி என்பது பூணூல் போட்டவர்களிடம் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு இது ஒரு நல்ல அத்தாட்சி.

1953-ல் நம் ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் கொண்டு வந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்துவிட்டு மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். அதைக் குலக்கல்வி என்று கண்டித்து நம் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள்; 1954-ல் அது எடுபட்டது. ஆனால் இன்றைக்கு ஓர் உபாத்தியாயர் ஒரு பிள்ளையைப் பார்த்து “உனக்குப் படிப்பு வராது, உன் அப்பனோடு வேலைக்குப் போ” என்று சொன்னால், சட்டமில்லாமலே அவர் குலக்கல்வியை அந்தப் பிள்ளைக்கு அமுல் நடத்திவிட்டார் என்றுதானே சொல்ல வேண்டும்?

அடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. “கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் வாத்தியாரே” என்று பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியை அதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். பிள்ளை மாடா? 2009-ம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டம், பிள்ளையை உடம்பில் அடிப்பதையும் மனதை நோகச் செய்வதையும் சேர்த்தே தடுத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அனுபவத்தைப் பாருங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை கற்றுக் கொள்ளுவது ஒன்றே ஒன்றுதான்: தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக் கொள்ளுவது. “விளங்கிற்றா?” என்றால் எல்லாப் பிள்ளைகளும் “விளங்கிற்று சார்” என்று கோரஸ் பாடும் வகுப்பில், விளங்காதவன் யார் என்று உபாத்தியாயருக்கு எப்படித் தெரியும்? கேள்வி கேட்கப் பயப்படும் இடத்தில் பகுத்தறிவு வளருமென்று எதிர்பார்ப்பது வீண்.

சிலர், “எட்டாவது வரை எல்லோரையும் பாஸ் போடுவதால்தான் கெட்டுப் போகிறார்கள், ஃபெயில் போட்டால் தானாய்ப் படிப்பார்கள்” என்று சொல்லுகிறார்கள். 2019-ல் நம் சர்க்கார் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுப் பரீட்சை என்று சொல்லி, எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். மத்திய சர்க்கார் 2024 டிசம்பரில் தங்கள் பள்ளிகளில் அவ்விரண்டு வகுப்புக்களிலும் பிள்ளைகளை நிறுத்தி வைக்க விதி செய்தார்கள். நாம் கேட்பது இதுதான். எந்தப் போதனையினால் ஒரு வருஷம் விளங்கவில்லையோ, அதே போதனையை இரண்டாவது வருஷமும் கேட்டால் விளங்கிவிடுமா? ஃபெயிலான ஏழைப் பிள்ளை பட்டறைக்கும் ஓட்டலுக்கும் போகுமே தவிர, மறுபடி பள்ளிக்கு வராது. ஆனால் பாஸ் போடுகிறவர்களும் பெருமைப்பட்டுக் கொள்ள வேண்டாம். உதவி செய்யாமல் பாஸ் போடுவது, நீந்தத் தெரியாதவனை ஆழம் குறைந்த இடத்திலிருந்து ஆழம் அதிகமான இடத்திற்கு அனுப்புவது போன்றதாகும். ஃபெயில் போடுவதும், பாஸ் போட்டுக் கைகழுவுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு பெயர்களாகும்.

உபாத்தியாயர்கள்மேல் மாத்திரம் பழி சுமத்துவது நமது நோக்கமல்ல. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புக்களை வைத்துக் கொண்டு, தேர்தல் ஜாபிதா வேலையும், ஜனத்தொகைக் கணக்கும், போனில் ஏற்ற வேண்டிய எண்ணற்ற விவரங்களும் தலைமேல் இருக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையையும் கவனி என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அந்த வேலைகளுக்கு வேறு ஆள் வைக்க வேண்டியது சர்க்காரின் கடமை. ஆனாலும், சம்பளம் கேட்காமல், உத்தரவுக்குக் காத்திராமல், நாளைக்கே செய்யக்கூடிய காரியங்கள் சில உபாத்தியாயர் கையில் இருக்கின்றன. பின்தங்கிய பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம். தப்பு விடையைக் கண்டால் ‘தப்பு’ என்று கோடு போடுவதற்கு முன், “இதை எப்படிப் போட்டாய், சொல்” என்று கேட்கலாம். படி எங்கே விட்டுப் போயிற்று என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். எழுத முடியாதவனை வாயால் சொல்லச் சொல்லலாம். நேற்று மூன்று வரி வாசித்தவன் இன்று ஐந்து வரி வாசித்தால், அந்த இரண்டு வரியை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துச் சொல்லலாம். தாய் தகப்பனைக் கூப்பிட்டால் குற்றப்பத்திரிகை வாசிக்காமல், “வீட்டில் எப்போது தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான்?” என்று விசாரிக்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டுமென்று திருவேற்காட்டுக்கு நடந்தே போய் வேண்டிக் கொள்ளும் கால்கள், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து வாசலை வருஷத்தில் ஒரு நாளாவது மிதிக்க வேண்டாமா? பரீட்சைப் பேனாவைச் சாமி காலடியில் வைத்து வாங்குகிறவர்கள், அந்தப் பேனாவைப் பிடிக்கும் பிள்ளைக்குக் கண் சரியாய்த் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டாமா?

முடிவாக, அயனம்பாக்கத்திலும் மற்ற ஊர்களிலும் உள்ள நமது தோழர்களுக்குச் சொல்லுவது: ஜாதியில் தாழ்ந்தவனில்லை என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டிற்கு வந்து சொந்தப் பிள்ளையை மக்கு என்றால் அந்தப் பேச்சினால் பிரயோஜனமில்லை. கூட்டம் போடும் இடங்களிலும் படிப்பகங்களிலும் மாலையில் ஒன்றரை மணி நேரம் பத்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆணோ பெண்ணோ போதும். எந்தப் படியில் நிற்கிறார்களோ அந்தப் படியிலிருந்து ஆரம்பியுங்கள். கண் மங்கினவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மக்கு என்று எண்ணிப் பாருங்கள். அப்போது நம் ஜனங்களுக்குத் தலையெழுத்தைப் பற்றித் தனியாக ஒரு பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.